தச்சுத் தொழில்: கையும் கண்ணும் கணக்கும்

முன்னுரை

அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவர்க்கு உணர்த்த வந்த ஔவையார், புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஒரு தச்சனை உவமையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கவல்லவன் அத்தச்சன். அவன் ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் எத்துணை உறுதி உடையதோ, அத்துணை உறுதி உடையவன் அதியமான் என்பது பாடலின் கருத்து. விரைந்து செய்யவும் தெரிந்தவன், வேண்டிய இடத்தில் பொறுத்துச் செய்யவும் தெரிந்தவன் என்று ஒரு தொழிலாளியின் முழுத் திறனையும் ஓர் உவமையில் அடக்கிவிட்டார் அப்புலவர். மன்னனுக்கு ஒப்பாகத் தச்சனின் கைவேலையைச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இன்று அந்த மதிப்பு தேய்ந்துவிட்டது. படிப்பு ஏறாதவன் போய்ச் சேரும் இடம் தச்சுப் பட்டறை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. தச்சர் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கூட, விடுமுறையில் தந்தையோடு பட்டறையில் நின்றதை வகுப்பில் சொல்லக் கூச்சப்படுவதைக் காண்கிறோம். மறுபுறம், பட்டம் பெற்றபின் போட்டித் தேர்வு முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரும் நம்மிடையே உள்ளனர். இந்நிலையில் தச்சுத் தொழிலில் ஒருவர் எவ்வாறு நுழைகிறார், எவ்வாறு உயர்கிறார், எவ்விடத்தில் தேங்கி நின்றுவிடுகிறார் என்பதை ஆராய்வது பயனுடையது. கை, கண், கணக்கு என்னும் மூன்று படிகளாக இவ்வளர்ச்சியைப் பகுத்துக் காண்போம்.

தொழிலின் பரப்பு

தச்சு வேலை என்பது ஒரே வேலை அன்று. நிலை, கதவு, சன்னல், கூரை, படிக்கட்டு ஆகியவற்றைச் செய்வது கட்டடத் தச்சு. கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவற்றைச் செய்வது அறைகலன் தச்சு. காங்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் வேலை ஒரு தனிப்பிரிவு. பிளைவுட் பலகைகளைக் கொண்டு சமையலறையும் படுக்கையறையும் அமைக்கும் உள் அலங்கார வேலை நகரங்களில் பெருகியுள்ளது. கோயில் தேரும் வாகனமும் செய்வோர், மரச்சிற்பம் செதுக்குவோர், கடலோரத்தில் படகு கட்டுவோர் எனப் பிறரும் உள்ளனர்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் செதுக்கு வேலை மிகுந்த வாயிற் கதவுகளும் கட்டடத் தச்சின் உச்சம் எனலாம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பமும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றவை. தொழிலில் புகுவோர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளைப் பார்த்துப் பழகிக்கொள்வது நலம். ஒரு பிரிவில் வேலை குறையும்போது மற்றொன்று கைகொடுக்கும்.

நுழைவாயில்கள்

இத்தொழிலுக்கு நெடுங்காலம் ஒரே வாயில்தான் இருந்தது. அது பிறப்பு. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பியர் என்னும் ஐந்தொழிலாளருள் தச்சர் மகன் தச்சனாக வேண்டும் என்பது வழக்கம். தந்தையே ஆசான், வீட்டுத் திண்ணையே பள்ளி. இம்முறையால் நுட்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன என்பது உண்மை. அதே முறை, விரும்பாதவனையும் உள்ளே நிறுத்தியது. விரும்பிய பிறரை வெளியே நிறுத்தியது.

1953ஆம் ஆண்டில் இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இங்கு நினைக்கத்தக்கது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வித் திட்டம் எனப் பெயர் பெற்று, பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அன்று எதிர்த்தவர்கள் கைத்தொழிலை இழிவென்று எதிர்க்கவில்லை. தொழிலைப் பிறப்பு முடிவு செய்யக்கூடாது, படிப்பைக் குறைத்துத் தொழிலைத் திணிக்கக்கூடாது என்பதே அவர்கள் வாதம். ஆகவே, இன்று ஒருவர் தச்சுத் தொழிலை மேற்கொள்வாராயின் அது விருப்பத்தால் அமைய வேண்டும். கல்வியோடு சேர்ந்து அமைய வேண்டும்.

இரண்டாவது வாயில், ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வது. எந்தச் சாதியினரும் இன்று இவ்வாறு சேர்கின்றனர். கூலி குறைவாக இருப்பினும் முதல் நாளிலிருந்தே உண்மையான வேலையைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். குறை என்னவெனில், மேஸ்திரி எந்த வேலையை எடுக்கிறாரோ அதை மட்டுமே கற்க முடியும். ஏன் இவ்வாறு செய்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அரிது.

மூன்றாவது வாயில் தொழிற்பயிற்சி நிலையம். நடுவண் அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. அதன்கீழ்த் தச்சர் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாக அமைந்துள்ளது; எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. வரைபடம் படித்தல், பட்டறைக் கணக்கு, இயந்திரப் பயிற்சி ஆகியன இதன் சிறப்பு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பழகும் வழியும் உண்டு.

இவ்விரண்டையும் இணைத்தால் என்ன என்று கேட்கலாம். ஜெர்மனியில் அவ்வாறே செய்துள்ளனர். அங்குத் தச்சுப் பழகுநர் ஏறத்தாழ 3 ஆண்டுகள் பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்கிறார். தேர்வில் வென்றபின் கைவினைஞர். மேலும் பயின்று மற்றொரு தேர்வில் வென்றால் தலைமைக் கைவினைஞர். அந்த மேல்தேர்வில் தொழில்திறனோடு கணக்கு, சட்டம், பிறருக்குக் கற்பிக்கும் முறை ஆகியவையும் அடங்கும். பழகுநர் பருவம் முடித்த சிலர் பழைய மரபைப் பின்பற்றி, 3 ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை செய்கின்றனர். அக்காலத்தில் சொந்த ஊரின் 50 கிலோமீட்டர் எல்லைக்குள் கால் வைக்கலாகாது என்பது விதி. ஒரே ஆசானிடம் ஒரே முறையைக் கற்றவன் பல ஊர்முறைகளையும் அறிய வேண்டும் என்பதே இம்மரபின் பயன். நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடு பரவலாக இல்லை. எனவே, பட்டறையில் சேர்ந்தவர் பாடத்தையும், பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர் பட்டறையையும் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

முதற்படி: கை

கையாளாகச் சேர்ந்தவருக்கு முதலில் கிடைப்பது சீவல் கூட்டும் வேலையும் பலகை தூக்கும் வேலையும்தான். இவற்றைச் செய்துகொண்டே அவர் கற்க வேண்டிய முதற்பாடம் கருவியைத் தீட்டுதல். உளி, இழைப்புளி, வாள், கொட்டாப்புளி, வாய்ச்சி, அரம், திருப்புளி, மூலைமட்டம், தூக்குக்குண்டு, அளவு நாடா, சாணைக்கல் ஆகியன அடிப்படைக் கருவிகள். மின்கருவிகள் பெருகிய இந்நாளிலும் கீலுக்குப் பள்ளம் எடுக்கவும், கதவை நிலையில் பொருத்தி இழைத்துச் சரிசெய்யவும் கைக்கருவி இன்றி முடியாது.

உளியின் சரிவை ஏறத்தாழ 25 பாகைக் கோணத்தில் சாணை பிடித்து, அதன் நுனியை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க்கல்லில் தீட்டுவது பொது வழக்கம். சரிவு மிகக் குறைந்தால் வாய் உடையும். மிகுந்தால் மரத்தில் இறங்காது. உளியின் பின்புறம் சமதளமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மழுங்கிய உளியைக் கூடுதல் விசையுடன் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. கூரான கருவியே பாதுகாப்பான கருவி என்று பட்டறையில் சொல்வது இதனாலேயே.

அடுத்த பாடம் ஒரு பலகையைச் சதுரமாக்குதல். இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு முகத்தை இழைத்துச் சமமாக்குக. அம்முகத்தை ஆதாரமாகக் கொண்டு ஒரு விளிம்பை மூலைமட்டத்தால் சோதித்து நேராக்குக. இவ்விரண்டிலிருந்தும் கோடு கீறி, மறு விளிம்பையும் மறு முகத்தையும் அளவுக்குக் கொண்டுவருக. எல்லா அளவுகளையும் முதல் முகம், முதல் விளிம்பு ஆகியவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். அளவுக்கு அளவு ஆதாரத்தை மாற்றினால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

அறுக்கும்போது வாள் கோட்டின்மீது ஓடலாகாது. வெட்டி எறியும் பக்கத்தில் கோட்டை ஒட்டி ஓட வேண்டும். வாள் தின்னும் மரத்துக்கும் ஓர் அகலம் உண்டு என்பது இதனால் கையில் பதியும். பின்னர்ப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்துதல், துளையும் நாக்கும் கொண்ட இணைப்பு, புறாவால் இணைப்பு என்ற வரிசையில் பழகலாம். துளையில் நாக்கு கையழுத்தத்தில் நுழைந்து, தட்டினால் இறுக வேண்டும். தளர்ந்து நுழைந்தால் பசை அதனைக் காப்பாற்றாது. மிக இறுகினால் நிலைக்கால் பிளந்துவிடும். இந்த உணர்வு விரலுக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான இணைப்புகளைச் செய்ய வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

இரண்டாம் படி: கண்

கை பழகியபின் கண் பழக வேண்டும். கண் என்றது மரத்தை அறியும் அறிவை. ஒரே அளவுள்ள இரண்டு தேக்குப் பலகைகளைக் கண்டால், எது நிலைக்கு, எது அலமாரி முகத்துக்கு, எது அடிச்சட்டத்துக்கு எனச் சொல்லத் தெரிந்தவரே தச்சர். அதுவரை அவர் அறுப்பவர் மட்டுமே.

தேக்கு எண்ணெய்ப் பசை உடையது. உலர்ந்தபின் அதிகம் வளையாது. அதன் வைரத்தைச் செல் எளிதில் அரிக்காது. ஆனால் அதே மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வெள்ளை கலந்த சட்டத்தை வாங்குவோர் பின்னர் வருந்துவர். வேம்பு நிலைக்கும் பெட்டிக்கும் ஏற்றது. கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் பெயர் பெற்றது. பலா வீணையும் மிருதங்கமும் ஆகும். இலுப்பை தேருக்கு உகந்தது. வைரம் பாய்ந்த பனை கைமரமாகவும் வரிச்சலாகவும் நாட்டு வீடுகளைத் தாங்கி நிற்கிறது.

எந்த மரமாயினும் அறிய வேண்டிய பொதுவிதி ஒன்றுண்டு. மரம் ஈரத்தை இழக்கும்போது சுருங்கும். ஈரத்தை ஏற்கும்போது விரியும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது. அகலவாக்கில்தான் பெரிது. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய போக்கில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை வளைவதும் சட்டம் முறுக்குவதும் இந்த வேற்றுமையால்தான்.

நம் முன்னோர் இதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதைப் பழைய பலகைக் கதவில் காணலாம். சுற்றிலும் உள்ள சட்டங்கள் இறுக இணைக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள பலகையோ பள்ளத்துக்குள் ஆணியும் பசையும் இன்றித் தளர்வாக அமர்ந்திருக்கும். மழைக்காலத்தில் அது விரியவும் கோடையில் சுருங்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். அறியாதவர் அதனை ஆடுகிறதென்று பசையிட்டு ஒட்டினால், அடுத்த கோடையிலேயே பலகை வெடித்துவிடும்.

மரத்தின் ஈரத்தை எளிய கணக்கால் அறியலாம். 560 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றை அடுப்பில் முற்றிலும் உலர்த்தியபின் 500 கிராம் இருந்தால், இழந்த 60 கிராமை 500ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, ஈரம் நூற்றுக்கு 12 எனக் கிடைக்கும். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு ஏறத்தாழ இந்த அளவு ஏற்றது. பச்சை மரத்தில் செய்த அலமாரி ஓராண்டில் வாய் பிளப்பதற்குத் தச்சரின் கையைக் குறைகூறிப் பயனில்லை. அவர் கண் தவறிவிட்டது.

பிளைவுட் பலகையில் மெல்லிய மரத் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால், ஒரு தகடு விரிவதை அடுத்த தகடு தடுக்கிறது. அதனால் பலகை அகலத்தில் அதிகம் மாறுவதில்லை. ஆனால் இதிலும் வகை அறிய வேண்டும். பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு ஐ.எஸ். 303 என்றும், நீரைத் தாங்கும் கடல்தரப் பலகைக்கு ஐ.எஸ். 710 என்றும் இந்தியத் தர எண்கள் உள்ளன. குளியலறை அருகே சாதாரணப் பலகையை வைத்துவிட்டுப் பின்னர்ப் பழி ஏற்பதைக் காட்டிலும், முன்னரே எண்ணைப் பார்த்து வாங்குவது அறிவுடைமை.

மூன்றாம் படி: கணக்கு

புறநானூற்றின் 206ஆம் பாடலில் ஔவையார் மீண்டும் தச்சர் வீட்டுப் பிள்ளையை நினைக்கிறார். பரிசில் தரக் காலம் தாழ்த்தப்படுவதால் சினந்த புலவர், மழுவேந்திய தச்சச் சிறுவனுக்குக் காடு முழுதும் வேலை காத்திருப்பதுபோல், கலை வல்லார்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்கிறார். அன்று கையில் மழு இருந்தது. எதிரே காடு இருந்தது. இன்று மரம் காட்டில் இல்லை, மரவாடியில் இருக்கிறது. அதனைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே இன்றைய தச்சருக்குக் கையும் கண்ணும் மட்டும் போதா, கணக்கும் வேண்டும்.

அறுக்காத உருட்டு மரத்தை அளப்பதற்குச் சுற்றளவின் கால் பங்கைக் கொண்டு கணக்கிடும் வழக்கம் உண்டு. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி எனக் கொள்வோம். கால் பங்கு 15 அங்குலம். 15ஐ 15ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 15.6 கன அடி. வடிவியல் முறைப்படி அதே உருளையின் கொள்ளளவோ ஏறத்தாழ 19.9 கன அடி. பட்டை, புறவளைவுகள் முதலியவற்றில் கழியும் மரத்துக்காக வாங்குவோருக்கு விடப்படும் சலுகை போன்றது இவ்வேற்றுமை. மரத்தைக் கன மீட்டரில் விற்கும் இடத்தில் எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்பது இன்றியமையாதது. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி ஆகும்.

அறுத்த சட்டத்தின் கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் உள்ள நிலை ஒன்றுக்கு, படியும் சேர்த்து 21 அடிச் சட்டம் வேண்டும். சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் எனின், 2.19 கன அடி. இது இழைத்து முடித்த அளவு. பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் இழைப்பில் போகும் என்றால், வாங்க வேண்டியது 5¼ அங்குலத்துக்கு 3¼ அங்குலச் சட்டம். அதன் கணக்கு 2.49 கன அடி. வேறுபாடு 0.30 கன அடி. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 14. முடித்த அளவுக்கு மட்டும் விலை பேசியவர் பத்து நிலைகள் செய்தால், ஒரு நிலைக்குரிய மரத்துக்கும் மேலாகத் தம் கையிலிருந்து கொடுத்தவர் ஆவார். அவர் வேலையில் குறை ஒன்றுமில்லை; ஆயினும் நட்டம்.

பிளைவுட்டிலும் இவ்வாறே. 8 அடிக்கு 4 அடிப் பலகை என்பது 2440 மி.மீ.க்கு 1220 மி.மீ. இதிலிருந்து 610 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் எடுக்கலாம் என்று தாளில் தோன்றும். வாள் 3 மி.மீ. தின்றால் எஞ்சுவது 1217. ஆளுக்குப் பாதி 608.5 மி.மீ.தான். வெட்டுவதற்கு முன் பலகையின் படத்தைத் தாளில் வரைந்து, துண்டுகளை அதில் அடுக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் பலகையை வீணாக்குவதில்லை.

இனி மதிப்பீடு. மரம், அதில் வீணாகும் பங்கு, கீல், தாழ்ப்பாள், திருகாணி, பசை, வண்டிக்கூலி, அறுவைக்கூலி, ஆட்களின் நாட்கூலி, கருவித் தேய்மானம் ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய பின்னர், இரண்டு வரிகள் எஞ்சும். ஒன்று மேஸ்திரியின் சொந்தக் கூலி, மற்றொன்று இலாபம். பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுகின்றனர். தாமும் நின்று உழைத்த 20 நாள் கூலியை இலாபம் என்று மகிழ்கின்றனர். உண்மையில் அத்தொழிலில் இலாபமே இல்லை. நோயுற்றுப் படுத்தால் நின்றுவிடும் வருவாயைத் தொழில் வருவாய் எனல் பொருந்தாது.

வாங்கிய முன்பணத்தை வீட்டுச் செலவில் கலந்துவிடுவது மற்றொரு படுகுழி. ஒரு வீட்டு முன்பணத்தால் முந்தைய வீட்டுக் கடனை அடைத்து, அடுத்த வீட்டு முன்பணத்தால் இந்த வீட்டு வேலையை முடிப்பவர் எந்நாளும் மீள்வதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஏடு, செய்ய வேண்டியவை இவை என்று எழுதிய தாள், வேலையின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்ற உடன்பாடு, கீலும் வண்ணப்பூச்சும் யார் பொறுப்பு என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான வழக்குகள் எழா.

தேக்கம் எங்கே?

கையாளிலிருந்து தச்சராக உயர்வதில் பெரும்பாலோர் வெற்றி பெறுகின்றனர். தச்சரிலிருந்து மேஸ்திரியாகவும், பின் சொந்தப் பட்டறை உடையவராகவும் உயர்வதில்தான் தேக்கம் ஏற்படுகிறது. அதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. நாற்பத்தைந்து வயதில் ஒரு தச்சரின் வேலை உச்ச நேர்த்தியை அடைகிறது. அதே வயதில் முதுகும் மூட்டும் கண்பார்வையும் தளரத் தொடங்குகின்றன. நாட்கூலி முறை அவருடைய நேர்த்திக்குத் தனி விலை கொடுப்பதில்லை. இளைஞனின் வேகத்தோடு அவரை ஒப்பிடுகிறது. அந்த வயதுக்கு முன்னரே கணக்கைக் கற்றவர் பிறர் உழைப்பை நெறிப்படுத்தி, தம் அறிவால் வாழ்கிறார். கற்காதவர், தம்மிடம் பழகிய பையனிடமே கூலிக்கு நிற்கும் நிலைக்கு ஆளாகிறார். கைத்தொழில் குடும்பங்கள் தம் பிள்ளைகளை அத்தொழிலுக்கு அனுப்ப அஞ்சுவதற்கு இக்காட்சியே பெருங்காரணம் எனலாம்.

இயந்திரமும் உடல்நலமும்

வட்டவாளும் மின் இழைப்பானும் கணினி வழிச் செதுக்கும் இயந்திரமும் கைவேலையை விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் உளர். ஒரே வடிவத்தைப் பன்முறை செய்யும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது உண்மை. கோணல் சுவருக்கு ஏற்ப அலமாரியைப் பொருத்துவதும், பழைய கதவைப் பழுது பார்ப்பதும், தேரைப் புதுப்பிப்பதும் இன்னும் மனிதரையே வேண்டுகின்றன. இயந்திரத்தை இயக்கத் தெரிந்த தச்சருக்கே இனி மதிப்பு மிகும்.

ஆனால் இயந்திரம் இரண்டு கேடுகளையும் உடன் கொண்டுவந்தது. ஒன்று, காப்புமூடி இல்லாத வட்டவாள். வேகத்துக்குத் தடையென்று மூடியைக் கழற்றி வைக்கும் பழக்கத்தால் விரல் இழந்தோர் பலர். மற்றொன்று, நுண்ணிய மரத்தூள். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மூக்குமூடியும் தூள் உறிஞ்சியும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. அவையும் தச்சரின் கருவிகளே.

கட்டடத் தச்சர்கள் 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது தம் குடும்பத்துக்குச் செய்யும் கடமை. விபத்து, கல்வி, முதுமை ஆகியவற்றுக்கு உதவி பெற அப்பதிவே அடிப்படை. 2025இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிறைந்த கைவினைஞர்க்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு 25 வீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. குலத்தையோ குடும்பத் தொழிலையோ அது நிபந்தனையாக வைக்கவில்லை. எனினும் கடன் பெற்றுப் பட்டறை வைப்பவருக்கு முன்சொன்ன கணக்கறிவு இல்லையேல், கடன் சுமையாகவே முடியும்.

கலைக்கல்லூரி மாணவர்க்கு இதில் என்ன பங்கு?

வணிகவியல் மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு வரவு செலவு ஏட்டையும் மதிப்பீட்டுத் தாளையும் அமைத்துக் கொடுக்கலாம். தந்தை தச்சராக இருப்பின் அப்பணி வீட்டிலேயே தொடங்கலாம். வரலாற்று மாணவர் தம் ஊர்த் தேரின், பழைய வீட்டுக் கதவின் வேலைப்பாட்டை அளந்து வரைந்து பதிவு செய்யலாம். தமிழ் மாணவருக்கோ பெரும்பணி காத்திருக்கிறது. தச்சர் நாவில் மட்டும் வாழும் கருவிப் பெயர்களும் இணைப்புப் பெயர்களும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. முதிய தச்சர்கள் மறையுமுன் அவற்றைத் தொகுக்காவிடில் அச்சொற்களும் அவர்களோடு மறையும். பட்டம் பெற்றபின் இத்தொழிலையே மேற்கொள்ள விரும்புவோர் தயங்க வேண்டியதில்லை. கணக்கும் எழுத்தும் அவர்களிடம் முன்னரே உள்ளன. கையையும் கண்ணையும் பழக்கச் சில ஆண்டுகள் பொறுமை வேண்டும், அவ்வளவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தச்சுத் தொழிலில் கை ஒருவருக்குக் கூலியைத் தருகிறது, கண் நற்பெயரைத் தருகிறது, கணக்கு அத்தொழிலையே அவருடையதாக்குகிறது என்பது விளங்கும். மூன்றுள் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும். கையும் கண்ணும் பட்டறையில் கிடைக்கின்றன; கணக்கும் எழுத்தும் பள்ளியில் கிடைக்கின்றன. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே நாம் எழுப்பிவைத்த சுவர்தான் நாற்பத்தைந்து வயதுத் தச்சரைக் கூலிக்கு நிறுத்தியிருக்கிறது. அச்சுவரில் ஒரு நிலை வைத்துக் கதவு திறக்கும் பொறுப்பு, இரண்டு பக்கமும் அறிந்த நம் கல்லூரி மாணவரைச் சார்ந்தது.